ஒன்றும் ஆகாது என்றேன்

28-ஆவது வாரப் பரிசோதனை முடிந்து, கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்: “இந்த மாதம் நோன்பு இருக்கலாம் என்று நினைக்கிறேன், சிஸ்டர். குழந்தைக்கு ஒன்றும் ஆகாதுதானே?”

“ஒன்றும் ஆகாது. தலை சுற்றினால் மட்டும் விட்டுவிடுங்கள்” என்றேன்.

சொன்னது தவறு என்று இன்றும் என்னால் முழுமையாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. ரமலான் நோன்பு இருந்த ஆரோக்கியமான தாய்மார்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஆனால், வயிற்றிலுள்ள குழந்தை இடைவிடாமல் குளுக்கோஸை எடுத்துக்கொண்டே இருப்பதால், பதினாறு மணி நேரம் உண்ணாமல் இருந்தாலே கருவுற்ற தாயின் இரத்தச் சர்க்கரை மற்றவர்களைவிட விரைவாகத் தாழ்ந்து, சர்க்கரைக்குப் பதில் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்கள் ஏறும் என்பதையும் நான் படித்தவள்தான்.

32-ஆவது வாரத்தில் கருப்பையின் உயரம் 28 சென்டிமீட்டரில் நின்றது. வாரக் கணக்கும் சென்டிமீட்டரும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டிய காலம் அது. இரண்டு குறைந்தால் பொறுக்கலாம், நான்கு குறைந்தால் முடியாது. எண்கள் கண்ணில் படாதபடி நாடாவைக் கவிழ்த்துப் பிடித்து மறுபடியும் அளந்தேன், அதே 28. ஸ்கேனும் அதையே சொன்னது. 38 வாரத்தில் குழந்தை 2,300 கிராம் எடையுடன் பிறந்தது.

பிறகு பரிசோதனை அட்டையைப் புரட்டினேன். நோன்புக்கு முந்தைய நான்கு வாரங்களில் அவருடைய எடை 300 கிராம்தான் ஏறியிருந்தது. ஒன்றரைக் கிலோவாவது ஏறியிருக்க வேண்டிய காலம். எழுதியிருந்தது என் கையெழுத்து. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் கடைசி மூன்று மாதம் பட்டினி கிடந்த தாய்மார்களின் குழந்தைகள் சுமார் 300 கிராம் குறைவாகப் பிறந்தார்கள். அங்கே குழந்தைகளைச் சிறுக்கவைத்தது ஒரு பகல் நேரப் பசியன்று, நாள்தோறும் தொடர்ந்த பற்றாக்குறை. அவர் நோன்பைப் பற்றிக் கேட்டபோது, நோன்பில்லாத நாளில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் பயன் இருந்திருக்குமா? நஞ்சுக்கொடிக்குள் இரத்த ஓட்டம் குறைந்தால், நன்றாகச் சாப்பிடும் தாயின் குழந்தையும் சிறுத்துத்தான் போகும். காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் சொன்னபடியே தலை சுற்றியதும் விட்டுவிட்டேன், சிஸ்டர்” என்றார். எத்தனையாவது நாளில் சுற்றியது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.