அப்பா பெட்டியில் இருந்த காசு

என் தாத்தா நகை ஆசாரி. கும்பகோணத்துப் பட்டறையில் அவருடைய தராசுப் பெட்டிக்குள் விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று எப்போதும் கிடக்கும். அது எடைக்கல். ஒரு ரூபாய் என்றால் ஒரு தோலா, 11.66 கிராம். நாட்டு மருந்துக் குறிப்புகளில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று வருவது இதுதான். யாராவது வெள்ளிக் காசு கொண்டுவந்தால் கட்டைவிரலில் வைத்துச் சுண்டிவிட்டு, ஓசை அடங்கும்வரை கேட்பார். ஈயக் கலப்பு என்றால் ‘டப்’ என்று செத்துப்போகும்.

இந்தப் பரம்பரை ஞானத்தை நம்பித்தான் மூன்று வருடங்களுக்கு முன் 18,000 ரூபாயைத் தொலைத்தேன்.

ஒரு நாணயக் கண்காட்சி. மூலை மேசையில் ஆறாம் ஜார்ஜ் ரூபாய், ஆண்டு 1939. காசு சேர்ப்பவர்களுக்கு அந்த ஆண்டைச் சொன்னாலே வாய் ஊறும். 1940இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முன் 91.7 சதவீத வெள்ளியில் அடித்த கடைசி ஆண்டு இது. வெளியே வந்தவை மிகச் சொற்பம். ஏலத்தில் லட்சங்களுக்குப் போகும்.

“அப்பா பெட்டியில் இருந்தது சார், பணமுடை” என்றார் விற்றவர். லட்சம் பெறும் காசை எவன் பதினெட்டுக்குத் தருவான் என்று கேட்க வேண்டிய புத்தி, தராசை எடுக்கப் போயிருந்தது. 11.62 கிராம், தேய்மானத்துக்குச் சரி. காந்தம் ஒட்டவில்லை. அச்சில் உருக்கி ஊற்றிய போலியில் இருக்கும் வார்ப்புக் கோடு விளிம்பில் இல்லை, குமிழிப் புள்ளிகள் பரப்பில் இல்லை. சுண்டினேன். தாத்தாவே தலையாட்டியிருப்பார்.

ஆட்டத்தான் செய்வார். காசு அசல், சில ஆயிரத்துக்கு எங்கும் கிடைக்கும் 1938ஆம் ஆண்டு ரூபாய். வீட்டில் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கடைசி எட்டின் கீழ்வட்டத்தில் இடப்பக்கத்தை மட்டும் சிற்றுளியால் சீவியிருந்தார்கள். சீவிய இடம் மயிரிழை அளவு பள்ளம். மற்ற இடமெல்லாம் எண்பது வருடக் கறுப்பு. பள்ளத்தில் மட்டும் பூசிய கறுப்பு. தீக்குச்சி முனையால் தேய்த்ததும் பல்லை இளித்தது. இத்தனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க அசல் ஒன்பது அதே காசில், இரண்டு இலக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதன் வால் வேறு, இதன் வால் வேறு.

வேலை என்னவோ சுத்தம். தாத்தா பார்த்திருந்தால் அந்த ஆளைக் கூலிக்கு வைத்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர், 1818 என்று போட்ட அனுமன் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அடித்ததாம், காந்தம்போல அரிசியை இழுக்குமாம். கம்பெனி மதராஸில் பெருமாள் உருவம் போட்ட வராகன் என்ற தங்கக் காசு அடித்ததுண்டு, அனுமன் காசு அடித்ததில்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். எவ்வளவு கொடுத்தீர்கள் என்றேன். 200 ரூபாய் என்றார். அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை.

இந்த ஆண்டும் கண்காட்சிக்குப் போனேன். அதே மூலை, அதே மேசை. அவருடைய அப்பா பெட்டியில் இன்னொரு 1939 இருந்திருக்கிறது.