கால் அங்குலம்

வீட்டை அளப்பதுதான் என் வேலை. தொழில்நுட்ப உத்தியோகத்தராகக் கிளிநொச்சிப் பக்கம் வந்த நாளிலிருந்து அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக அளவு நாடா பிடித்து வருகிறேன். அதனால்தானோ என்னவோ, மார்க் டேனியலெவ்ஸ்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹவுஸ் ஒஃப் லீவ்ஸ்’ நாவலில் என்னை முதலில் உலுக்கியது பேய் இல்லை, ஓர் அளவு.

நவிட்சன் என்ற புகைப்படக்காரர் வேர்ஜீனியாவில் ஒரு வீட்டுக்குக் குடிவருகிறார். குடும்பமாக வெளியூர் போய்த் திரும்பினால், இரண்டு அறைகளுக்கு நடுவில் முன்பு இல்லாத ஓர் இடம். அளந்து பார்க்கிறார். வெளியளவை விட உள்ளளவு கால் அங்குலம் கூட.

பூச்சு வேலையில் வந்த வித்தியாசமாக இருக்கும் என்று நினைத்தேன். கால் அங்குலத்துக்கு நாங்கள் மேசனோடு சண்டை பிடிப்பதில்லை. அப்புறம்தான் உறைத்தது. சுவருக்குத் தடிப்பு உண்டு, பூசப் பூச உள்ளளவு குறையும். கூட வழியே இல்லை. நவிட்சனின் பொறியியலாளர் நண்பர் நல்ல கருவிகளோடு வந்து அளந்தும் வித்தியாசம் போகவில்லை. அன்றிரவு எழும்பி என் விடுதி அறையை அளந்துவிட்டுத்தான் படுத்தேன்.

பாதிதான் தாண்டியிருக்கிறேன். அந்த வீட்டைப் பற்றிப் பார்வையற்ற கிழவர் ஒருவர் எழுதி வைத்ததன் மேல், பச்சை குத்தும் கடையில் வேலை செய்யும் இளைஞன் தன் குறிப்புகளை ஏற்றிக்கொண்டே போகிறான். அடிக்குறிப்புக்குள் அடிக்குறிப்பு வருகிற இடங்களில் சலித்தது. ஆனால் ஆட்கள் அந்த வீட்டின் இருட்டுக்குள் இறங்க இறங்க, பக்கத்தில் சொற்கள் குறைந்து வெள்ளை கூடும்போது கை குளிர்ந்துவிட்டது. என் பதிப்பில் வீடு என்ற சொல் வரும் இடமெல்லாம் நீலம்.

2013இல், போரில் வீடிழந்தவர்களுக்கான இந்திய வீட்டுத்திட்டத்துக்குக் காணி பார்க்கப் போனது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு 550 சதுர அடி. விசுவமடுப் பக்கம் ஓர் அம்மாவின் வளவில் பழைய வீட்டின் தரை மட்டும் மிஞ்சியிருந்தது. இடம்பெயர்ந்தபோது கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போனவர்கள். சுவர் ஒன்றும் இல்லை. அவர் நடந்து காட்டினார், “இது விறாந்தை, இது குசினி.” நான் அளவு நாடாவோடு குறுக்கே நடந்தேன்.

“தம்பி, செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ. அது சாமியறை.”

கழற்றினேன். அந்த அறையில்தான் மழைநாட்களில் பிள்ளைகள் எல்லாரும் படுப்பார்கள் என்றார். நம்ப முடியாமல் இரண்டு தரம் அளந்தேன். எட்டடிக்கு ஏழடி என்று குறித்துக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன். அம்மா வெளியே வர நெடுநேரம் எடுத்தது.