18ஆம் நாள் ஊசி

பல்லடம் பக்கம் ஒரு பிராய்லர் ஹேட்சரியில், அதாவது கறிக்கோழிக் குஞ்சு பொரிக்கும் இடத்தில், சூப்பர்வைசராக இருக்கிறேன். மேரெக்ஸ் என்பது கோழியின் காலை முடக்கி, உடம்பில் கட்டி வரவைக்கும் வைரஸ் நோய். எங்களுக்குத் தெரிந்த மேரெக்ஸ் தடுப்பூசியெல்லாம் ஒரு நாள் குஞ்சைப் பிடித்து, கழுத்துத் தோலைத் தூக்கிக் குத்துவதுதான். முட்டைக்குள்ளேயே மருந்து போடும் மிஷின் வந்து இறங்கியபோது, வருஷக்கணக்காக ஊசி போட்ட அக்கா ஒருவர் கேட்டார்: "குஞ்சே இன்னும் வெளிய வரல, அதுக்குள்ள ஊசியாங்க?"

காரணம் இருக்கிறது. மேரெக்ஸ் வைரஸ் கோழியின் இறகுச் செதிலோடு கொட்டகைத் தூசியில் கிடக்கும். குஞ்சு இறங்கிய அன்றே மூச்சு வழியாக உள்ளே போய்விடும். பொரிக்க 3 நாள் முன்பே மருந்து சேர்ந்துவிட்டால் அந்த 3 நாள் நமக்கு லாபம்.

அடைகாக்கும் மிஷினான செட்டரிலிருந்து, குஞ்சு பொரிக்கும் மிஷினான ஹேட்சருக்கு முட்டையை மாற்றும் 18ஆம் நாள்தான் ஊசி. முதலில் கேண்டலிங். வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டைகளை எடுத்துவிட வேண்டும். அழுகிய முட்டை ஒன்றில் ஊசி இறங்கினால் அடுத்தடுத்த முட்டைகளுக்கும் கிருமி போய்விடும். பிறகு மிஷின் முட்டையின் அகன்ற முனையில் துளை போட்டு, அதன் வழியே 0.05 மில்லி செலுத்தும். கழுத்து ஊசியில் 0.2 மில்லி போட்ட கைக்கு இது கண்ணில் படாத அளவு.

எனக்குப் பயம் மருந்து அறையில்தான். மருந்து -196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கும். மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியை (ஆம்பியூல்) எடுத்து 27 டிகிரி தண்ணீரில் ஒன்றரை நிமிஷத்துக்குள் உருக்கியாக வேண்டும். சில சமயம் கையிலேயே வெடிக்கும் என்பதால் முகக்கவசம், கையுறை இல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டேன். கலக்கிய மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

மருந்துக்கு முன்னால் வெறும் நீலச் சாயத்தைப் போட்டு 20 முட்டைகளை உடைத்துப் பார்த்தோம். உயிருள்ள முட்டைகள். மனசு கேட்கவில்லை, ஆனால் வேறு வழியில்லை. சாயம் குஞ்சைச் சுற்றியுள்ள பனிக்குடத்தில் இருக்க வேண்டும். அந்த நீரைக் குஞ்சு விழுங்கும், மருந்தும் கூடவே போகும். முதல் ட்ரேயில் குஞ்சின் அலகும் மார்பும் நீலமாக இருந்தன. அடுத்த ட்ரேயில் 10க்கு 6 முட்டைகளில் சாயம் பனிக்குடத்துக்கு வெளியே, கழிவு நீர் சேரும் பையில் மிதந்தது. அங்கே போன மருந்து வீண்.

மிஷின்காரர் ஊசியின் ஆழத்தைக் கூட்டிக் குறைத்து அரை நாள் மல்லுக்கட்டினார். கடைசியில் முட்டை அறை ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அந்த ட்ரே முட்டைகள் செட்டருக்குப் போகும் முன்பே 11 நாள் குளிர் அறையில் கிடந்தவை. ரொம்ப நாள் வைத்த முட்டையில் கரு தாமதமாகத்தான் வளரும். நம் கணக்கில் 18 நாள், குஞ்சுக்கு இன்னும் ஆகவில்லை. இப்போது பழைய முட்டைகளைச் சில மணி நேரம் முன்னதாகவே செட்டரில் ஏற்றிவிடுகிறோம். அடுத்த வாரச் சாயச் சோதனையில் 20க்கு 19 சரி.

நாமக்கல்லில் லேயர் (முட்டைக்கோழி) ஹேட்சரி வைத்திருக்கும் மச்சான் தானும் இந்த மிஷின் வாங்கலாமா என்று கேட்டார். லேயரில் பாதி சேவல். பொரித்த அன்றே கழித்துவிடுவார்கள். அதற்கும் சேர்த்து மருந்துக் காசு கட்டுவதற்குக் கழுத்து ஊசியே போதும் மச்சான் என்றேன்.