நெஞ்சுக்குள் ஏறிக்கொண்ட இரைப்பை

பதினோரு ஆண்டுகளாக எனக்கு இருந்தது வெறும் ‘கேஸ்’ என்றே நானும் வீட்டாரும் நம்பியிருந்தோம். காரைக்குடிப் பக்கத்து விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர் எவரும் பாதியில் இலையை மூடுவதில்லை. ஆகவே உண்டபின் நெஞ்சு எரிவதும், குனிந்தால் புளித்த நீர் தொண்டைக்கு வருவதும் எங்கள் ஊரில் நோய்க்கணக்கில் சேர்வதில்லை. “வாயுதான்ப்பா, ஓமத்தைத் தட்டிப் போட்டுக் குடி” என்பார்கள் ஆத்தா. குடித்தேன்.

இடையில் ஒருமுறை எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். அறிக்கையின் கடைசி வரியில் ‘ஹயாட்டஸ் ஹெர்னியா’ என்று இருந்ததை ஒருவரும் எனக்கு விளக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் போட, அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை மட்டும் எழுதித் தந்தார்கள். ஹெர்னியாவைத் தமிழில் குடலிறக்கம் என்கிறோம். எனக்கு வந்ததில் குடலும் இல்லை, இறக்கமும் இல்லை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்குவதற்கு ஒரு துளை உண்டு. அது தளர்ந்து, இரைப்பை அதன் வழியே மார்புக்குள் ஏறிவிடுவதே இந்நோய். பெரும்பாலோருக்கு மேற்பகுதி மட்டும் சறுக்கி ஏறி இறங்கும். அவர்களுக்கு மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடுமே போதும். எனக்கு மாத்திரையால் எரிச்சல் அடங்கியது, ஆனால் நான்கு வாய் சோறு உண்டதும் மூச்சு வாங்கியது.

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார்கள். வீடு பழுதுபார்த்தபோது மிஞ்சிய ஆத்தங்குடித் தரைக்கற்களைக் கால்களுக்கு அடியில் அடுக்கினேன். அவற்றின் வழவழப்பில் நள்ளிரவில் கட்டில் சரிந்து, வளவில் படுத்திருந்தவர்களெல்லாம் எழுந்து ஓடிவந்தார்கள். பிறகு ஆசாரி, கால் உள்ளே பொருந்தி உட்காரும்படி குழி வெட்டிய ஏழங்குலக் கட்டைகள் இரண்டு செய்து தந்தார்.

திருப்பம் ஏற்பட்டது ரத்தப் பரிசோதனையில். ஹீமோகுளோபின் 7.8 என்று மிகக் குறைவாக வந்ததும் வழக்கம்போல் இரும்புச்சத்து மாத்திரை எழுதாமல், “ஆம்பளைக்கு ரத்தம் எங்கே போகுது?” என்று ஒரு மருத்துவர் கேட்டார். அத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த முதல் சரியான சிகிச்சை அந்தக் கேள்வி என்றே கருதுகிறேன். உதரவிதானம் நெரிக்கும் இடத்தில் இரைப்பையின் மடிப்புகளில் புண் உண்டாகி, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியக்கூடும் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

மதுரையில் பேரியம் எக்ஸ்ரே எடுத்தார்கள். சுண்ணாம்புக் கரைசல்போன்ற அந்தத் திரவத்தை மிடறு மிடறாக விழுங்க, திரையில் வெள்ளைக் கோடு இறங்கி, வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள்ளேயே ஒரு பைபோலத் தேங்கி நின்றதை நானே பார்த்தேன். இரைப்பையில் பாதிக்கு மேல் மேலே இருந்தது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, இடம் மாறிய உறுப்பை எப்படி இறக்கும்?

அறுவைக்கு முன் மேனோமெட்ரி செய்தார்கள். மூக்கு வழியே மெல்லிய குழாயை விட்டுச் சிறிது சிறிதாகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி, உணவுக்குழாய் அழுத்தித் தள்ளும் வலிமையை அளக்கும் இச்சோதனை சுகமானதல்ல. எனினும் இதைத் தவிர்க்க முயல்வோரிடம், தவிர்க்க வேண்டாமென்றே சொல்வேன். 1956-இல் அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசென் வெளியிட்ட முறையில், அமிலம் மேலேறாதபடி இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி முழுதாக, 360 பாகையும் போர்த்துவார்கள். என் உணவுக்குழாய் வலுவிழந்திருந்ததால், முழுச்சுற்று விழுங்குவதையே தடுக்கும் என்று 270 பாகை மட்டும் சுற்றி, துளையையும் தைத்தார்கள். எல்லாம் சிறு துளைகளிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வழியே.

முதல் வாரங்களில் வடித்த கஞ்சி, பிறகு மோரில் கரைத்த இட்லி. கவுனி அரிசிக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது பந்தியில் அரை இலையோடு எழுகிறேன்; பரிமாறுகிறவர் முகம் சுளித்தாலும் எனக்கு மூச்சு வாங்குவதில்லை. இந்த ஹெர்னியா திரும்பவும் வரக்கூடியது என்பதால், ஆசாரியின் கட்டைகளை எடுத்துவிடலாமா என்று வீட்டில் கேட்டபோது, இருக்கட்டும் என்றேன்.