பிட்காயின் பிளாக் சரிபார்ப்பு லைப்ரரி: உயரம் 0 முதல் 481824 வரை

டிரான்சாக்ஷன்களின் தொகுப்பான பிட்காயின் பிளாக்கின் பைட்டுகளைக் கொடுத்தால் அது செல்லுமா என்று சொல்ல வேண்டும். செல்லுமானால் செலவாகாத அவுட்புட்களின் (டிரான்சாக்ஷன்கள் உருவாக்கிய, இன்னும் யாரும் செலவழிக்காத தொகைகளின்) பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளை மட்டும் செய்யும் ரஸ்ட் மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி இது. நெட்வொர்க், வாலட், மைனிங் எதுவும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோரின் நோட் ஒன்று ஓடுகிறது. உள்ளீடும் அதன் பிளாக் கோப்புகள்தான். கையெழுத்துக் கணக்கை மட்டும் சொந்தமாக எழுதவில்லை. கோர் பயன்படுத்தும் லிப்செக்பி256கே1 லைப்ரரியையே எடுத்துக்கொண்டோம். அதில் சொந்தமாகக் கைவைப்பது வீண் ஆபத்து.

கோப்பை வாசிப்பது

கோர் பிளாக்குகளை 128 எம்பி வரை வளரும் கோப்புகளில் அடுக்குகிறது. ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் 249, 190, 180, 217 என்ற நான்கு அடையாள பைட்டுகள், அடுத்து 4 பைட்டில் நீளம், அதன் பிறகு பிளாக். 28.0 பதிப்பிலிருந்து புதிதாகத் தொடங்கிய கோப்புறையில் இந்த அடையாளத்தைத் தேடினால் கிடைக்காது. உள்ளடக்கம் முழுவதும் 8 பைட் சாவி ஒன்றுடன் எக்ஸ்ஆர் செய்யப்பட்டிருக்கும் (பிட்டுக்குப் பிட் கலக்கப்பட்டிருக்கும்). சாவி அதே கோப்புறையில் தனிக் கோப்பாக இருக்கிறது.

சாவியின் எந்த பைட்டை எடுப்பது என்பதைக் கோப்பின் தொடக்கத்திலிருந்து எண்ணிய இடத்தை 8-ஆல் வகுத்த மீதிதான் தீர்மானிக்கும். தவறிப்போய் பிளாக்கின் தொடக்கத்திலிருந்து எண்ணினாலும் முதல் பிளாக் சரியாகவே வரும், ஏனென்றால் அது 8-ஆவது பைட்டில் தொடங்குகிறது. முதல் பிளாக்கின் நீளம் 285 பைட். ஆகவே இரண்டாவது பிளாக் 301-இல் தொடங்கும், மீதி 5. அங்கிருந்து எல்லாம் குப்பை. ஒரே பிளாக்கை வைத்துச் சோதித்துவிட்டு நகர்ந்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது.

பிளாக்குகள் கோப்பில் உயர வரிசையிலும் இருக்காது (உயரம் என்பது சங்கிலியில் பிளாக்கின் எண்). கோர் முதலில் ஹெடர்களை (பிளாக்கின் முதல் 80 பைட்) வாங்கிவிட்டு, பிளாக்குகளைப் பல நோடுகளிடமிருந்து ஒரே சமயத்தில் இறக்குகிறது. வந்த வரிசையில் எழுதுகிறது. எனவே முதல் சுற்றில் ஹெடர்களை மட்டும் வாசித்து, ஒவ்வொன்றிலும் உள்ள முந்தைய பிளாக்கின் ஹாஷை (அதன் ஹெடரிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண்) வைத்துச் சங்கிலியைக் கோத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கிளையில் மொத்த வேலை (பிளாக்குகளை உருவாக்கச் செலவான கணிப்பு) அதிகமோ அதுதான் சங்கிலி. பிளாக் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யக் கூடாது.

80 பைட் ஹெடர்

பதிப்பு 4, முந்தைய ஹாஷ் 32, மெர்க்கிள் வேர் (டிரான்சாக்ஷன் ஹாஷ்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வரும் ஒற்றை ஹாஷ்) 32, நேரம் 4, இலக்கு (பிளாக் ஹாஷ் தாண்டக் கூடாத எண்) 4, நான்ஸ் (மைனர் மாற்றி மாற்றிப் பார்க்கும் எண்) 4. எண்கள் எல்லாம் சிறிய பைட் முதலில். ஷா-256-ஐ இரண்டு முறை ஓட்டி வரும் ஹாஷைத் திரையில் காட்டும்போது மட்டும் திருப்பிப் போடுகிறோம். கோடுக்குள் எங்கேயும் திருப்பக் கூடாது என்று ஒரே விதியாக வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும். சோதனைக்கு முதல் பிளாக்: நேரம் 1231006505, இலக்கு 486604799, நான்ஸ் 2083236893.

அந்த 486604799-ஐப் பிரித்தால் மேல் பைட் 29, மீதி மூன்று பைட் 65535. இலக்கு என்பது 65535-ஐ 256-இன் 26-ஆவது அடுக்கால் பெருக்கியது. மூன்று பைட் பகுதியின் மேல் பிட் குறைக்குறி. அது இருந்தால் நிராகரிக்க வேண்டும்.

இலக்கு 2016 பிளாக்குக்கு ஒருமுறை மாறும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் கணக்கில் வருவது 2015 இடைவெளிகள்தான். தொடக்கக் காலத்திலேயே நுழைந்த ஓர் எண்ணும் பிழை இது. இன்றைக்கு அதுவே விதி. சரிபார்க்கத் தோதான இடம் உயரம் 32256, இலக்கு முதன்முதலாக மாறிய இடம். 30240-இன் நேரம் 1261130161, 32255-இன் நேரம் 1262152739. வித்தியாசம் 1022578 வினாடி. பழைய இலக்கை இதனால் பெருக்கி, இரண்டு வாரத்தின் 1209600-ஆல் வகுத்து, மூன்று பைட்டுக்கு வெட்டினால் 55402. ஹெடரில் இருக்க வேண்டிய எண் 486594666. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிளாக் செல்லாது. எனவே தசம எண்களை இந்தப் பக்கமே விடக் கூடாது. 256 பிட் முழு எண்கள்தான். வித்தியாசத்தை 302400-க்கும் 4838400-க்கும் இடையில் அடக்குவதைப் பெருக்குவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

ஆம், இல்லை போதாது

முதல் வடிவத்தில் சரிபார்க்கும் ஃபங்ஷன் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் திருப்பியது. இந்த லைப்ரரியில் செய்த பெரிய தவறு அதுதான், மெர்க்கிள் மரத்துக்கு வந்தபோது அது உடைந்தது.

மெர்க்கிள் மரத்தில் ஒரு மட்டத்தில் ஒற்றைப்படையாக ஹாஷ்கள் இருந்தால் கடைசி ஹாஷ் இன்னொரு முறை சேர்க்கப்படும். ஆறு டிரான்சாக்ஷன் உள்ள பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜோடி சேர்த்தால் மூன்று ஹாஷ், மூன்றாவது இரட்டிக்கும். இப்போது ஐந்தாவதையும் ஆறாவதையும் பின்னால் இன்னொரு முறை ஒட்டி எட்டாக்குங்கள். வேர் மாறாது. ஹெடர் மாறாது. பிளாக் ஹாஷும் அதேதான். ஆனால் டிரான்சாக்ஷன் இரண்டு முறை வருவதால் பிளாக் செல்லாது. அந்த ஹாஷை "செல்லாது" என்று குறித்து வைத்துவிட்டால், பிறகு வரும் உண்மையான பிளாக்கும் வாசலிலேயே தள்ளப்படும். நோட் சங்கிலியைவிட்டுப் பிரிந்துவிடும். சிவிஇ-2012-2459 என்று பதிவான ஓட்டை இது.

ஆகவே இப்போது நான்கு பதில்கள்: செல்லும், செல்லாது, சிதைந்தது, இப்போதைக்கு வேண்டாம். மரத்தின் எந்த மட்டத்திலும் அடுத்தடுத்த இரண்டு ஹாஷ்கள், நாமாக இரட்டிக்காமலே, ஒன்றாக இருந்தால் "சிதைந்தது". வேர் ஹெடரோடு பொருந்தாவிட்டாலும் அதே பதில். "சிதைந்தது" என்றால் இந்த பைட்டுகளைத் தூக்கிப்போடு, ஹாஷின் மேல் பழி போடாதே என்று பொருள். கடைசி வகை நேரத்துக்கானது. பிளாக்கின் நேரம் முந்தைய 11 பிளாக்குகளின் நடு நேரத்தைவிட அதிகமாக இல்லாவிட்டால் நிரந்தரமாகச் செல்லாது. நம் கடிகாரத்தைவிட 7200 வினாடிக்கு மேல் முன்னால் இருந்தால், இன்னும் சற்று நேரத்தில் அதுவே செல்லக்கூடும்.

பணக் கணக்கு

2010 ஆகஸ்ட் 15 அன்று உயரம் 74638-இல் ஒரு டிரான்சாக்ஷன் வந்தது. இரண்டு அவுட்புட், ஒவ்வொன்றும் 9223372036854277039 சடோஷி (பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கு). கூட்டினால் 64 பிட் எண் நிரம்பி வழிந்து குறை 997538 ஆகிறது. இன்புட்டைவிடக் குறைவுதானே என்று பழைய கோட் ஏற்றுக்கொண்டது. ரஸ்டில் டீபக் பில்டில் இந்தக் கூட்டல் நின்றுவிடும், ரிலீஸ் பில்டில் இயல்பாகச் சத்தமின்றி சுற்றிவிடும். ஒவ்வொரு அவுட்புட்டும், ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகான தொகையும் 2100000000000000-ஐத் தாண்டவில்லை என்று பார்க்க வேண்டும். அந்தக் கிளை பிறகு கைவிடப்பட்டது. இன்றைய சங்கிலியின் 74638 வேறு பிளாக். சோதனைத் தரவைக் கையால்தான் செய்ய வேண்டும்.

ஒரே டிரான்சாக்ஷனில் ஒரே இன்புட் இரண்டு முறை வருவது இன்னொரு பொறி. எல்லா இன்புட்டும் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு மொத்தமாக நீக்கினால் இது நழுவிவிடும். கோரிலேயே இந்தச் சோதனை ஒரு சமயம் விடுபட்டு, 2018 செப்டம்பரில் 0.16.3 பதிப்பில் சரிசெய்யப்பட்டது.

காயின்பேஸ் (பிளாக்கில் மைனர் தனக்கு எழுதிக்கொள்ளும் முதல் டிரான்சாக்ஷன்) தொகை, வெகுமதியும் கட்டணமும் சேர்ந்ததற்குச் சமமா என்று சோதிக்காதீர்கள். மிஞ்சக் கூடாது, அவ்வளவுதான். உயரம் 501726-இன் மைனர் எதுவுமே எடுக்காமல் 12.5 பிட்காயினை இழந்தார். அந்த பிளாக் செல்லும்.

91842-இல் ஓட்டம் நின்றது. பட்டியலில் சேர்க்கும் சாவி (டிரான்சாக்ஷன் ஹாஷும் அவுட்புட் எண்ணும்) ஏற்கெனவே இருந்தால் நிறுத்து என்று எழுதியிருந்தோம். 91812-இன் காயின்பேஸும் 91842-இன் காயின்பேஸும் பைட்டுக்கு பைட் ஒன்று. 91722-க்கும் 91880-க்கும் அதே கதை. பின்னது முன்னதை அழித்து எழுதும். பிஐபி 30 (பிஐபி என்பது பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு) இதைத் தடுக்கிறது, 91842-க்கும் 91880-க்கும் மட்டும் விலக்கு. 227931 முதல் பிஐபி 34 காயின்பேஸில் உயரத்தை எழுதச் சொல்வதால் மோதல் நின்றது. என்றாலும் பழைய காயின்பேஸ்கள் சிலவற்றின் தொடக்கம் எதிர்கால உயரம் போலவே படிக்கிறது. ஆகவே 1983702-இலிருந்து பிஐபி 30 சோதனையை மறுபடி இயக்க வேண்டும். அந்த எண்ணை இப்போதே கோடில் எழுதி வைத்துவிட்டோம்.

ஸ்கிரிப்ட்

ஓர் அவுட்புட்டை யார் செலவழிக்கலாம் என்று சொல்லும் சிறு நிரல்தான் ஸ்கிரிப்ட். இங்கேதான் பெரும் உழைப்பு போனது. பழைய பிழைகள் எல்லாம் இங்கே விதிகளாக நிற்கின்றன. பல கையெழுத்துச் சரிபார்ப்புக் கட்டளை அடுக்கிலிருந்து தேவைக்கு மேல் ஒன்றை எடுக்கும். எடுத்தே ஆக வேண்டும். 481824-இலிருந்து அந்தக் கூடுதல் உறுப்பு வெறுமையாக இருக்க வேண்டும். "சிங்கிள்" வகைக் கையெழுத்தில் (ஒரே ஓர் அவுட்புட்டை மட்டும் உறுதிசெய்வது) இன்புட் எண்ணுக்கு நேரான அவுட்புட் இல்லையென்றால், கையெழுத்திடும் ஹாஷ் 1 என்ற எண்: முதல் பைட் 1, மீதி 31 பைட் பூஜ்யம்.

கையெழுத்தின் டெர் வடிவம் (அதை பைட்டுகளாக எழுதும் முறை) 363725-இலிருந்துதான் கண்டிப்பு. அதற்கு முன், கோர் முன்பு பயன்படுத்திய ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி ஏற்றுக்கொண்ட ஒழுங்கற்ற வடிவங்களும் செல்லும். லிப்செக்பி256கே1-உடன் வரும் தளர்ந்த வாசிப்பை அங்கே பயன்படுத்த வேண்டும். கூடவே ஒன்று: லிப்செக்பி256கே1, கையெழுத்தின் இரண்டு எண்களில் ஒன்றான 'எஸ்' மதிப்பு தாழ்ந்த பாதியில் இருந்தால்தான் ஆம் சொல்லும். சரிபார்க்கும் முன் நாமே அதைத் தாழ்த்திக்கொள்ளாவிட்டால் சங்கிலியில் உள்ள நல்ல கையெழுத்துகளே தோற்கும். பிழைச் செய்தி எதுவும் இருக்காது, வெறும் "இல்லை" மட்டும் வரும்.

முதல் சோதனைக்கு உயரம் 170 நல்லது. 9-ஆவது பிளாக்கின் காயின்பேஸிலிருந்து ஹால் ஃபின்னிக்கு 10 பிட்காயின் போன டிரான்சாக்ஷன். ஒரே கையெழுத்து, எளிய ஸ்கிரிப்ட்.

481824

கையெழுத்துகளை விட்னஸ் என்ற தனிப் பகுதிக்கு மாற்றும் செக்விட் விதி தொடங்கும் பிளாக். காயின்பேஸ் அவுட்புட்களில் 106, 36, 170, 33, 169, 237 என்று தொடங்கும், குறைந்தது 38 பைட் உள்ள ஸ்கிரிப்டைத் தேட வேண்டும். பல இருந்தால் கடைசி ஒன்றுதான் கணக்கு. விட்னஸ் மரத்தில் காயின்பேஸின் இடத்தில் 32 பூஜ்யங்கள். அந்த ஸ்கிரிப்டில் உள்ள ஹாஷோடு பொருந்தாவிட்டால் பதில் "சிதைந்தது", ஏனென்றால் வழியில் யாராவது விட்னஸை மாற்றினாலும் பிளாக் ஹாஷ் மாறுவதில்லை.

வேறு கிளை முந்தினால் சங்கிலி பின்வாங்குவதற்கு, ஒவ்வொரு பிளாக்கும் தின்ற அவுட்புட்களைத் தனியே சேமிக்கிறோம். அவிழ்க்கும்போது டிரான்சாக்ஷன்களைக் கடைசியிலிருந்து முதலுக்கு நடத்த வேண்டும். ஒவ்வொரு பிளாக்கையும் இணைத்து, அவிழ்த்து, பட்டியலின் ஹாஷ் பழையபடி வருகிறதா என்று பார்த்து, மறுபடி இணைக்கும் சோதனை 481824 வரை தேறுகிறது. 91842-ஐயும் 91880-ஐயும் அதிலிருந்து விலக்கியிருக்கிறோம். அழிந்த பழைய காயின்பேஸைத் திருப்பிக் கொண்டுவர நம் கோப்பில் இடமில்லை.

அடுத்தது 709632, டாப்ரூட் என்ற அடுத்த விதி மாற்றம். கோர் போலவே அந்த விதியைத் தொடக்கத்திலிருந்தே எல்லா பிளாக்குக்கும் இயக்கி, 692261-க்கு மட்டும் விலக்குக் கொடுக்கப் போகிறோம்; பே-டு-ஸ்கிரிப்ட்-ஹாஷுக்கு (ஸ்கிரிப்டின் ஹாஷுக்குப் பணம் அனுப்பும் விதி) 170060-ஐ வைத்து ஏற்கெனவே அப்படித்தான் செய்திருக்கிறோம்.