ஊசி ஆறு நாள், வார்ஃபரின் மூன்று மாதம்

மாவுக்கட்டைப் பிரித்த நாலாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிவிட்டது. தொட்டால் சூடு. சுளுக்கு என்று அம்மா எண்ணெய் தேய்க்க உட்கார, தம்பிதான் தடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாப்ளர் ஸ்கேனில் தொடைச் சிரை வரை ரத்தக்கட்டி. தேய்த்திருந்தால் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அம்மா அழுதுவிட்டார்.

அன்றே ரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மருந்துகளை, எனாக்சாபரின் ஊசியையும் வார்ஃபரின் மாத்திரையையும், ஆரம்பித்தார்கள். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, நேராகக் குத்தி, தேய்க்காமல் விட வேண்டும். அப்படியும் கன்றிப் போகும்.

மூன்றாம் நாள் ஐ.என்.ஆர். 2.1. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு அது; ஏற ஏற ரத்தம் மெதுவாக உறையும். எனக்கு வேண்டியது 2 முதல் 3 வரை. "வந்துடுச்சே, ஊசியை நிறுத்திடலாமா டாக்டர்?" என்றேன்.

"அந்த நம்பரை இப்போ நம்பாதீங்கம்மா" என்றார். கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் 2, 7, 9, 10 ஆகிய உறைதல் காரணிகளை, அதாவது ரத்தம் உறைய வைக்கும் புரதங்களை, செய்கிறது. வார்ஃபரின் அந்த வைட்டமின் திரும்பப் பயன்படாமல் தடுக்கும். ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் ஓடுவது தீர வேண்டுமே! ஏழாவது காரணி சில மணி நேரத்திலேயே குறைய, ஐ.என்.ஆர். ஏறிவிடும். இரண்டாவது காரணியான புரோத்ராம்பின் பாதியாகக் குறையவே இரண்டரை நாளாவது ஆகும். போதாததற்கு, உறைதலைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் சி-யும் வார்ஃபரினால் சீக்கிரமே குறைகிறது. அந்த இடைவெளியில் காப்பது ஊசிதான். குறைந்தது ஐந்து நாள், அதோடு ஐ.என்.ஆர். 2-க்கு மேல் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். எனக்கு ஆறு நாள் ஆனது.

வீட்டுக்கு வந்ததும், கீரையில் வைட்டமின் கே அதிகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், ஐ.என்.ஆர். 4.2. மாத்திரை அளவைக் குறைத்த டாக்டர், "கீரையை விடாதீங்க. வாரம் ரெண்டு நாள்னா எப்பவும் ரெண்டு நாள், அதே அளவு" என்றார். வலி மாத்திரைகூடக் கேட்காமல் போடக் கூடாது என்றும் எச்சரித்தார்.

மருந்து கட்டியைக் கரைக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது மேலும் வளரவிடாமல் பிடித்துவைக்கிறது, கரைப்பது உடம்புதான். மூன்றாம் மாத ஸ்கேனில் தொடையில் ரத்தம் தடையில்லாமல் ஓடியது. முழங்காலுக்குப் பின்னால் மட்டும் மெல்லிய தழும்பு. மாத்திரையை நிறுத்தியாயிற்று. சாயங்காலத்தில் கணுக்கால் கொஞ்சம் வீங்குகிறது, காலுறை போட்டுக்கொள்கிறேன்.