மீட்டர் சும்மா கிடைத்துவிடும், ஸ்ட்ரிப்புக்குத்தான் அலைச்சல்

மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று உறுதியானதும் கேட்டவர்கள் எல்லோரும் ரத்தச் சர்க்கரை பார்க்க எந்த மீட்டர் வாங்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். ரத்தச் சொட்டை வைக்கும், டெஸ்டுக்கு ஒன்றாகத் தீரும் ஸ்ட்ரிப்பின் செலவை ஒருவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. மீட்டர் ஒரு முறைச் செலவு. சில கம்பெனிகள் இலவசமாகவே கொடுக்கின்றன. அதற்கு அந்தக் கம்பெனி ஸ்ட்ரிப்தான் பொருந்தும் என்பதால் காசு அங்கே போகிறது.

கரடி உறை, கலர் திரை என்று குழந்தைகளுக்காக வரும் மீட்டர்களில் மயங்க வேண்டாம். பேயர் கம்பெனி முன்பு டிட்ஜெட் என்று ஒன்று விட்டது. நின்டெண்டோ விளையாட்டுக் கருவியில் செருகினால், ஒழுங்காக டெஸ்ட் செய்த குழந்தைக்குப் புள்ளிகள் கிடைக்கும். நல்ல யோசனைதான், ஆனால் இன்று அது சந்தையில் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. எவ்வளவு ரத்தம் வேண்டும்? அரை மைக்ரோலிட்டரோ அதற்கும் குறைவோ என்றால் நல்லது. முதல் சொட்டு போதாவிட்டால் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு சொட்டு வைக்க முடியுமா? சின்ன விரலில் பாதி நேரம் ரத்தம் சரியாக வராது. இந்த வசதி இல்லாவிட்டால் ஒவ்வொரு எரருக்கும் ஒரு ஸ்ட்ரிப் குப்பைக்குப் போகும். துல்லியத்துக்கு ஐஎஸ்ஓ 15197:2013 தரம் உண்டா என்று அட்டையில் பாருங்கள்.

மீட்டர் வாங்கியது ஒரு மணி நேர வேலை. காப்பீட்டில் ஸ்ட்ரிப் வாங்கத்தான் நாக்குத் தள்ளியது.

டாக்டர் சீட்டில் "தேவைக்கேற்ப" என்று எழுதியிருந்தார். கவுண்டரில் இருந்தவர் அதை நாளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டார். டைப் 1 குழந்தைக்குச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன், விளையாடிய பின், சில நாள் நடுராத்திரியிலும் பார்க்க வேண்டும். 6 முதல் 10 தடவை சாதாரணம். சொன்னேன். "சீட்டில் அப்படி இல்லையே" என்றார். சரி, டாக்டரிடம் திரும்பிப் போய் நாளுக்கு 8 என்று எழுதி வாங்கினேன். அப்புறம் அது வரம்பை மீறுகிறதாம், கடிதம் வேண்டுமாம்.

கடிதத்தில் இவை இருக்கட்டும்: டைப் 1 என்ற வார்த்தை, குழந்தையின் வயது, நாளுக்கு எத்தனை தடவை இன்சுலின், சர்க்கரை இறங்கினால் அதைச் சொல்லத் தெரியாத வயது என்பது. கடைசி வரியைப் படித்த பிறகுதான் அந்த மேசையில் முத்திரை விழுந்தது.

அதோடு முடிந்ததா? நாளுக்கு 8 என்றால் மாதம் 240. பெட்டியில் 50 என்பதால் நாலே பெட்டி என்று குறைத்துப் போட்டிருந்தார்கள். அங்கேயே எண்ணிப் பார்த்ததால் தப்பித்தேன். ஐந்தாவது பெட்டி வாங்காமல் நகரவில்லை.

ஸ்ட்ரிப் வீணாகாமல் இருக்க: டெஸ்டுக்கு முன் கையைக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலே அளவு ஏறிக் காட்டும், மறுபடி குத்த வேண்டி வரும். குத்துவதும் விரல் நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் வலி குறைவு. டப்பாவை உடனே மூடுங்கள். ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். காரணமில்லாமல் எரர் வந்தால் எரர் எண்ணையும் டப்பாவில் உள்ள லாட் எண்ணையும் குறித்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போடுங்கள். எங்களுக்கு ஒரு டப்பாவே மாற்றிக் கொடுத்தார்கள்.

அனுமதி எந்தத் தேதி வரை என்று முத்திரை விழும் அன்றே கேட்டுவிடுங்கள். கடிதத்தின் நகலையும் கையில் வைத்திருங்கள். புதுப்பிக்கும்போது அதையே மறுபடி கேட்பார்கள்.